சீனி பூஜ்யம் என்று போட்டிருக்கிறதே அக்கா?

கடையில் வாங்கும் பாக்கெட் உணவில் எது சுகரை ஏற்றும், எது அவ்வளவாக ஏற்றாது என்று சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தேன். வந்து குவிந்த படங்களைப் பார்த்தால் பேரங்காடியின் அலமாரி மொத்தமும் என் கைப்பேசிக்குள் ஏறிவிட்டது போல இருக்கிறது. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டு மிச்சத்துக்குப் பதில் எழுதியிருக்கிறேன். நான் உணவு ஆலோசகர், டாக்டர் இல்லை. மாத்திரையைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 58 வயது. இனிப்பு நீர் வந்து ஒன்பது வருஷம். மகள் சொன்னாள் என்று மாலைத் தேநீருக்கு சாதா மேரி பிஸ்கட்டை விட்டுவிட்டு ‘சுகர் ஃப்ரீ’ பிஸ்கட்டுக்கு மாறினேன். இரண்டு மாதமாகியும் சாயங்கால ரீடிங் இறங்கவில்லை, கொஞ்சம் கூடித்தான் இருக்கிறது. சீனி பூஜ்யம் என்று போட்டிருக்கிறதே, அது பொய்யா? (ஈசூன் வாசகி)

பதில்: பொய் இல்லை. (அக்கா என்கிறீர்கள், எனக்கு உங்களைவிட நாலு வயது குறைவு, பரவாயில்லை.) ‘சுகர் ஃப்ரீ’ என்றால் 100 கிராமில் சீனி அரை கிராமைத் தாண்டவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். மைதா எவ்வளவு என்பது அந்தக் கணக்கிலேயே வராது. உடம்பு இந்தக் கணக்கையெல்லாம் பார்ப்பதில்லை, மைதாவையும் உடைத்து குளுக்கோஸாக்கித்தான் ரத்தத்தில் விடுகிறது, சில நேரம் சீனியைவிட வேகமாகவே. வெள்ளைச் சீனியில் பாதிதான் குளுக்கோஸ், மீதிப் பாதி ஃபிரக்டோஸ், அது கல்லீரலுக்குப் போய்விடுவதால் சுகர் மீட்டரில் உடனே பெரிதாகத் தெரியாது. மைதாவின் மாவுச்சத்தோ முழுக்க முழுக்க குளுக்கோஸ். உணவு எவ்வளவு வேகமாகச் சுகரை ஏற்றுகிறது என்று சொல்லும் எண்ணுக்கு ஜிஐ என்று பெயர். சீனியின் ஜிஐ 65, வெள்ளை ரொட்டியின் ஜிஐ 75 என்றால் பலர் நம்புவதில்லை, காரணம் இதுதான். அதற்காக அக்கா சீனி நல்லது என்று எழுதிவிட்டார் என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம். ஜிஐ-யை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே இரண்டு பாக்கெட் வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். மேரியின் பின்பக்கம் 100 கிராமுக்கு கார்போஹைட்ரேட் 74, அதில் சீனி 22. சுகர் ஃப்ரீயின் பின்பக்கம் கார்போஹைட்ரேட் 68, சீனி 0.4. சீனி வரியை மட்டும் பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம், கார்போஹைட்ரேட் வரியில் ஆறே ஆறு கிராம். அப்புறம் கேக் செய்யும் தராசை எடுத்து நிறுத்தேன். மேரி ஒன்று 6 கிராம். சுகர் ஃப்ரீ தடிமனாக, ஒன்று 10 கிராம். ஐந்து மேரி சாப்பிட்டால் 22 கிராம் கார்போஹைட்ரேட் உள்ளே போகிறது, நாலு சுகர் ஃப்ரீ சாப்பிட்டால் 27 கிராம். சீனிதான் இல்லையே என்ற தைரியத்தில் நாலோடு நிறுத்துகிறோமா என்பது வேறு. உங்கள் மீட்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

இரண்டு பாக்கெட்டை ஒப்பிடும்போது ‘ஒரு பரிமாறலுக்கு’ என்ற வரிசையைப் பார்க்காதீர்கள். ஒரு கம்பெனி இரண்டு பிஸ்கட்டை ஒரு பரிமாறல் என்கிறது, இன்னொன்று நாலு என்கிறது. 100 கிராம் வரிசையில் மொத்தக் கார்போஹைட்ரேட்டைப் பாருங்கள், பிறகு நீங்கள் நிஜமாகச் சாப்பிடும் எடைக்குக் கணக்குப் போடுங்கள். சாயங்காலம் வாய்க்கு எதாவது வேண்டும் என்றால் பிஸ்கட் இரண்டோடு ஒரு கைப்பிடி அவித்த கொண்டைக்கடலை போதும், அதன் ஜிஐ 28 தான். அந்தக் காலத்தில் சினிமா தியேட்டர் வாசலில் காகிதச் சுருளில் கச்சாங் பூத்தே (கடலை வகைகள்) வாங்கித் தின்றோமே, அதில் சீனி பூசாததாகப் பார்த்து எடுத்தால் அதுவும் சரி.

கேள்வி: ‘லோ ஜிஐ’ அரிசி 5 கிலோ பாக்கெட், வழக்கமான அரிசியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. மூன்று மாதமாக அதைத்தான் சாப்பிடுகிறேன். இனி பயமில்லாமல் சாப்பிடலாம் என்று வீட்டம்மாவும் தட்டு நிறையப் போடுகிறாள். மூன்று மாத சராசரி இறங்கவே இல்லை. ஏமாற்று வேலையா? (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

பதில்: அரிசி ஏமாற்றவில்லை ஐயா, தட்டு ஏமாற்றியிருக்கிறது.

ஜிஐ, அதாவது கிளைசீமிக் இண்டெக்ஸ், என்பது வேகத்தின் அளவு. 1981-இல் டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸும் அவரோடு இருந்தவர்களும் கொண்டுவந்தது. சோதிக்கும் விதம் இப்படி. 50 கிராம் கார்போஹைட்ரேட் கிடைக்கும் அளவுக்கு அந்த உணவை, வெறும் வயிற்றில் வந்த குறைந்தது பத்துப் பேருக்குக் கொடுத்து, இரண்டு மணி நேரம் விட்டு விட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அதே ஆட்களுக்கு வேறு நாளில் அதே அளவு குளுக்கோஸைக் கொடுத்து அந்த ஏற்றத்தை 100 என்று வைத்துக்கொண்டு, உணவின் ஏற்றம் அதில் எத்தனை என்று சொல்வார்கள். 55-ம் அதற்குக் கீழும் குறைவு, 70-ம் அதற்கு மேலும் அதிகம், நடுவில் இருப்பது நடுத்தரம். நம் சிங்கப்பூரிலேயே தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இதற்கென்று ஆய்வுக்கூடம் இருக்கிறது.

சோதனையில் எல்லா உணவிலும் 50 கிராம் கார்போஹைட்ரேட்தான். வீட்டில் அப்படியா போடுகிறார்கள்? அதனால் தட்டில் விழும் அளவையும் சேர்த்துப் பார்க்க இன்னொரு கணக்கு இருக்கிறது, கிளைசீமிக் சுமை. தட்டில் உள்ள கார்போஹைட்ரேட்டை ஜிஐ-யால் பெருக்கி 100-ஆல் வகுக்க வேண்டும். உங்கள் கதைக்குப் போட்டுப் பார்க்கலாம். வேக வைத்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் கார்போஹைட்ரேட். முன்பு சாதா அரிசிச் சோறு 150 கிராம் சாப்பிட்டிருப்பீர்கள், 42 கிராம், ஜிஐ 73, சுமை 31. இப்போது ஜிஐ 52 என்று வைத்துக்கொள்ளுங்கள், வீட்டம்மா 250 கிராம் போடுகிறார், 70 கிராம், சுமை 36. காசையும் கூடக் கொடுத்து சுமையையும் கூட்டிக்கொண்டீர்கள். ஒரு வேளை உணவில் ஒரு பொருளுக்கு மட்டும் 20 வந்தாலே அதிகம் என்பார்கள்.

அந்த 150 கிராமிலேயே நின்றிருந்தால் சுமை 22-க்கு இறங்கியிருக்கும், பாக்கெட் தன் வேலையைச் செய்திருக்கும். விலை கட்டுப்படி ஆகவில்லை என்றால் தேக்காவில் கிடைக்கும் பாஸ்மதியோ நல்ல புழுங்கல் அரிசியோ போதும். பாஸ்மதியில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து கூடுதல், அது சீக்கிரம் உடையாது. புழுங்கலில் நெல்லை அவித்துக் காயவைக்கும்போதே மாவுச்சத்து இறுகிவிடுகிறது. எதுவானாலும் குழைய விடாதீர்கள், கஞ்சியாகிவிட்டால் ஜிஐ ஏறிவிடும். அப்புறம் காயையும் மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டு சோற்றைக் கடைசியில் தொடுங்கள். சிங்கப்பூரிலேயே இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள், அதே தட்டு, வரிசையை மட்டும் மாற்றினாலே ஏற்றம் குறைகிறது. ரசத்துக்குச் சோறு வேண்டுமே என்று கேட்பீர்கள். கடைசியில்தானே ரசம்.

கேள்வி: வெள்ளை ரொட்டியை நிறுத்திவிட்டு ஹோல்மீல் (முழுக்கோதுமை) ரொட்டி வாங்குகிறேன். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை, நான் மட்டும் தின்று தீர்க்கிறேன். சுகருக்கு நல்லதுதானே? (புக்கிட் பாஞ்சாங் வாசகி)

பதில்: மனசு நோகக் கூடாது தங்கச்சி. உலகம் முழுக்கச் செய்த சோதனைகளைத் தொகுத்த பட்டியல் ஒன்று 2008-இல் வந்தது, அதில் வெள்ளைக் கோதுமை ரொட்டியின் சராசரி ஜிஐ 75, ஹோல்மீல் ரொட்டியின் சராசரி 74. ஒரே ஒரு புள்ளி. தவிடு உள்ளே இருக்கிறது, உண்மை. ஆனால் எல்லாவற்றையும் பவுடர் மாதிரி அரைத்துப் பஞ்சு போல உப்ப வைத்த பிறகு, வயிற்றுக்கு உடைக்க வேலையே இல்லை. முழுத் தானியம் கண்ணுக்குத் தெரிகிறதா, பல்லுக்குத் தட்டுப்படுகிறதா என்பதுதான் வேகத்தைக் குறைக்கிறது. அதே பட்டியலில் சப்பாத்தி 52, அதுவும் அரைத்த மாவுதான், ஆனால் ரொட்டி மாதிரி உப்பிக் காற்றோட்டமாக இல்லாமல் அடர்த்தியாக இருக்கிறது.

அதற்காகத் தூக்கிப் போடாதீர்கள். நார்ச்சத்தும் மற்ற சத்துகளும் ஹோல்மீலில் கூடுதல், மலச்சிக்கலுக்கும் இதயத்துக்கும் நல்லது, ‘ஹெல்தியர் சாய்ஸ்’ முத்திரை அதன் மேல் இருப்பதில் தப்பில்லை. சுகருக்கு மட்டும் அது அவ்வளவு உதவாது என்கிறேன். நான் கடையில் பார்க்கும் கணக்கு ஒன்று: கார்போஹைட்ரேட் 10 கிராமுக்கு நார்ச்சத்து 1 கிராமாவது இருக்க வேண்டும். ரொட்டியில் கார்போஹைட்ரேட் 45, நார்ச்சத்து 6 என்றால் கூடையில் போடலாம். 48-க்கு 3 என்றால் பழுப்பு நிறத்துக்குத்தான் காசு. முட்டையோ கடலை வெண்ணெயோ வைத்துச் சாப்பிடுங்கள், கூடவே ஜாம் வேண்டாம், வீட்டில் மற்றவர்களுக்கும் ஒருவேளை பிடித்துப் போகும்.

கேள்வி: பாட்டில் தேநீரில் ‘பி’ என்று பச்சையில் போட்டிருக்கிறது, ஸீரோ கோலாவிலும் ‘பி’. இரண்டும் ஒன்றா? ஆரஞ்சு ஜூஸ் நூறு சதவீதம் பழம் என்கிறான், அதற்கு ஏன் ‘சி’, ‘டி’ எல்லாம் கொடுக்கிறார்கள்? (தோ பாயோ வாசகர்)

பதில்: ரொம்ப நல்ல கேள்வி, இதை யாரும் கேட்பதில்லை. பானங்களுக்கு ‘ஏ’ முதல் ‘டி’ வரை எழுத்துத் தரம் போடும் இந்த முறைக்கு நியூட்ரி-கிரேட் என்று பெயர். பாக்கெட் பானங்களுக்கு அது 30 டிசம்பர் 2022-இல் வந்தது, ஒரு வருஷம் கழித்து அதே தேதியில் கடையில் கலக்கும் பானங்களுக்கும் வந்தது. சீனியும் நிறைவுற்ற கொழுப்பும்தான் அதன் அளவுகோல். சீனியை மட்டும் சொன்னால், 100 மில்லியில் 1 கிராம் வரை ‘ஏ’, 5 வரை ‘பி’, 10 வரை ‘சி’, அதற்கு மேல் ‘டி’. ‘டி’ வாங்கிய பானத்துக்கு விளம்பரமே செய்யக் கூடாது. ‘ஏ’ வேண்டுமானால் இன்னொரு நிபந்தனை, இனிப்பூட்டி எதுவும் சேர்த்திருக்கக் கூடாது. ஸீரோ கோலா அங்கேதான் மாட்டிக்கொள்கிறது. சீனி இல்லை, ஆனால் செயற்கை இனிப்பு உண்டு, அதனால் ‘பி’. பாட்டில் தேநீருக்கு 100 மில்லியில் 5 கிராம் சீனி இருந்தாலும் அதே ‘பி’. ரத்தச் சர்க்கரைக்கு முதலாவது கிட்டத்தட்ட பூஜ்யம். இரண்டாவதை 500 மில்லி பாட்டிலாகக் குடித்து முடித்தால் 25 கிராம், ஐந்து டீஸ்பூன் சீனி. எழுத்தோடு சீனி எத்தனை சதவீதம் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், எழுத்தை விடுங்கள், அந்த எண்ணைப் பாட்டிலின் அளவோடு பெருக்குங்கள்.

பழச்சாறு விஷயம். நாலு ஆரஞ்சைக் கடித்துச் சாப்பிட உங்களால் முடியாது, பிழிந்தால் அரை நிமிஷத்தில் இறங்கிவிடும். நார் போய்விட்டது, சீனி அப்படியே இருக்கிறது, அது மரத்தில் காய்த்த சீனியா மில்லில் வந்ததா என்று மீட்டருக்குத் தெரியாது. ‘சீனி சேர்க்கவில்லை’ என்பதும் ‘சீனி இல்லை’ என்பதும் வேறு வேறு. காப்பிக்கடையில் உட்கார்ந்தால் தே ஓ கொசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) சொல்லுங்கள். கொசோங் கசக்கிறது என்றால் சியூ டாயில் (சீனி குறைவாக) தொடங்கி மாதம் ஒரு படி இறங்குங்கள், நானும் அப்படித்தான் இறங்கினேன், கடை அங்கிள் இன்னும் கேலி செய்கிறார்.

கேள்வி: காலையில் ஓட்ஸ்தான் சாப்பிடுகிறேன், மூன்று-இன்-ஒன் பாக்கெட், வெந்நீர் ஊற்றினால் முடிந்தது. பத்து மணிக்கே பசிக்கிறது, சுகரும் ஏறுகிறது. ஓட்ஸ் நல்லது என்று எல்லாரும்தானே சொல்கிறார்கள்? (செம்பவாங் வாசகி)

பதில்: எந்த ஓட்ஸ் என்று யாரும் சொல்வதில்லை. தட்டை ஓட்ஸைக் கொதிக்க வைத்த கஞ்சிக்கு ஜிஐ 55. உடனடி ஓட்ஸுக்கு 79, ஏறக்குறைய கார்ன்ஃபிளேக்ஸ் கணக்கு. தானியம் ஒன்றேதான், மெலிதாக நசுக்கி முன்கூட்டியே வேக வைத்துவிட்டதால் வயிற்றின் வேலையைத் தொழிற்சாலையே முடித்துவிடுகிறது.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உள்ளே என்னென்ன என்ற பட்டியலில், எடையில் எது அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. உங்கள் பாக்கெட்டில் முதலில் சீனி, இரண்டாவது மால்டோடெக்ஸ்ட்ரின், மூன்றாவதுதான் ஓட்ஸ். முன்பக்கப் படத்தில் ஓட்ஸ் வயலே விளைந்து கிடக்கிறது! மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது மாவுச்சத்தைப் பொடிப் பொடியாக உடைத்தது. இனிப்பு அதிகம் தெரியாது, ‘சீனி’ வரியிலும் சேராது, ஆனால் குளுக்கோஸுக்குச் சமமான வேகத்தில் ஏற்றும். மால்ட் பானப் பொடிகளிலும், சில ‘டயபெட்டிக்’ பால் பொடிகளிலும்கூட இதைப் பார்த்திருக்கிறேன். குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், பழச்சாற்று அடர்கரைசல், தேன், வெல்லம் எல்லாம் அதே குடும்பம்தான். தட்டை ஓட்ஸ் வாங்கி உப்புமா மாதிரி வெங்காயம், கேரட், கொஞ்சம் பாசிப்பருப்பு போட்டுக் கிண்டுங்கள், பத்து நிமிஷ வேலை.

கேள்வி: ஊரிலிருந்து வந்த அண்ணி ‘ராகி நூடுல்ஸ்’, ‘தினை நூடுல்ஸ்’ என்று ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். தாராளமாகச் சாப்பிடலாமா? (சொங் பாங் வாசகி)

பதில்: பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். மைதாவோ கோதுமை மாவோ முதலில் வந்து, ராகி அடுத்து 20 சதவீதம் என்று அடைப்புக்குள் இருந்தால் அது ராகி பூசிய மைதா நூடுல்ஸ். முழுக்க ராகியாக இருந்தாலும் நைஸாக அரைத்த மாவு மாவுதான், சிறுதானியம் என்றாலே சுகர் ஏறாது என்ற நம்பிக்கை இப்போது வாட்ஸ்அப்பில் காட்டுத்தீ மாதிரி பரவியிருக்கிறது, சிறுதானியக் கஞ்சியின் ஜிஐ 67 என்று ரொட்டிக்குச் சொன்ன அதே 2008 பட்டியலில் இருக்கிறது. மசாலாப் பாக்கெட்டில் பாதியைப் போடுங்கள், அதில் இருக்கும் உப்பு ரத்தக் கொதிப்புக்கு ஆகாது. அண்ணியிடம் ருசியாக இருந்தது என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஒரே தானியக் கலவை, ஒன்று அமெரிக்கப் பாக்கெட், ஒன்று ஆஸ்திரேலியப் பாக்கெட். அமெரிக்காவில் கார்போஹைட்ரேட் 66, ஆஸ்திரேலியாவில் 58. எட்டு கிராம் வித்தியாசம் பெரிதில்லையா? (செங்காங் வாசகர்)

பதில்: நார்ச்சத்து வரியைப் பாருங்கள் தம்பி. அமெரிக்க லேபிளில் ‘மொத்தக் கார்போஹைட்ரேட்’ என்றால் நார்ச்சத்தும் உள்ளே. ஆஸ்திரேலியா, பிரிட்டன் லேபிளில் நார்ச்சத்தைக் கழித்துவிட்டுத்தான் கார்போஹைட்ரேட்டை எழுதுவார்கள். அமெரிக்கப் பாக்கெட்டில் நார்ச்சத்து 8 என்றால் 66-இல் 8 போக 58, இரண்டும் ஒன்று. நார்ச்சத்து குளுக்கோஸாக ரத்தத்தில் ஏறுவதில்லை, அதனால் கழித்த எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும். ஆஸ்திரேலியப் பாக்கெட்டில் மறுபடியும் கழித்துவிடாதீர்கள், இன்சுலின் அளவைக் கார்போஹைட்ரேட் பார்த்துப் போடுகிறவர்கள் இரண்டு முறை கழித்துவிட்டுத் திண்டாடியதை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் ஒரே ரொட்டி, ஒரே அளவு. அவருக்கு 7.4, எனக்கு 11. இதில் எந்தப் பட்டியலை நம்புவது? இன்னொன்று, காரைக்குடியில் அம்மா ‘எனக்கு 140 தான்’ என்கிறார், எனக்குக் கணக்கே புரியவில்லை. (பொங்கோல் வாசகி)

பதில்: இரண்டாவது சுலபம், அதை முதலில் முடிக்கிறேன். இங்கே மில்லிமோல், அங்கே மில்லிகிராம். நம் எண்ணை 18-ஆல் பெருக்கினால் அம்மாவின் எண். அவருடைய 140 நம் கணக்கில் 7.8. உங்களுடைய 11 அவர் கணக்கில் 198, அதைப் போனில் சொல்லிவிடாதீர்கள், அடுத்த விமானத்தில் வந்துவிடுவார்.

முதல் கேள்விக்கு: பட்டியல் தருவது சராசரி, நீங்கள் சராசரி இல்லை. இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வுக்கழகத்தில் சுமார் 800 பேருக்கு ஒரு வாரம் தொடர்ந்து சர்க்கரையை அளந்து 2015-இல் வெளியிட்டார்கள். ஒரே ரொட்டிக்கு ஒருவருக்கு மேடு மாதிரி, இன்னொருவருக்கு மலை மாதிரி. குடலில் வாழும் நுண்ணுயிர், தூக்கம், உடல் எடை, அன்றைக்கு நடந்தது எவ்வளவு என்று பல காரணம். அதனால் எந்தப் பாக்கெட் உணவு உங்களுக்கு ஒத்துப்போகும் என்று உங்கள் விரல்தான் சொல்ல வேண்டும். புதிதாக ஒரு பாக்கெட் வாங்கினால், சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு தடவை, முதல் வாய் வைத்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை குத்திப் பாருங்கள். அளவை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நாளை வைத்து முடிவு கட்டாமல் மூன்று வெவ்வேறு நாள் செய்யுங்கள். நீரிழிவு உள்ள பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மணி நேரத்தில் 10-க்குள் இருக்க வேண்டும் என்பார்கள், உங்கள் இலக்கை உங்கள் டாக்டர் சொல்வார். எனக்கு இட்லி பரவாயில்லை, பீஹூன் ஆகவே ஆகாது. பட்டியலில் அரிசி நூடுல்ஸ் 53 தான். என் விரல் கேட்கவில்லை.

ஸ்ட்ரிப் விலை கடிக்கிறது என்று தெரியும். எல்லாவற்றுக்கும் குத்த வேண்டாம், வாரத்தில் மூன்று நாளாவது சாப்பிடுகிற பாக்கெட்டுக்கு மட்டும் போதும்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது, இன்சுலின் போடுகிறார். சில நாள் நடுக்கம், வியர்வை என்று சுகர் இறங்கிவிடுகிறது. ஜிஐ குறைந்தது நல்லது என்று படித்துவிட்டு பாக்கெட்டில் டார்க் சாக்லெட் வைத்துக்கொள்கிறார். சரியா? (அங் மோ கியோ வாசகர்)

பதில்: சரியே இல்லை, இன்றைக்கே மாற்றுங்கள். சுகர் 4-க்குக் கீழே போனால் வேகம்தான் வேண்டும். சாக்லெட்டில் கொழுப்பு இருப்பதால் சீனி மெதுவாகத்தான் ஏறும், மற்ற நாளில் நல்லதாக இருக்கும் அதே குணம் அந்த நேரத்தில் ஆபத்து. 15 கிராம் சீனி உடனே உள்ளே போக வேண்டும். மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், இல்லை என்றால் சாதா கோலா அரை டின். ஸீரோ கோலா கொடுத்துவிட்டுக் காத்திருந்த குடும்பங்கள் உண்டு, அதில் ஏற்றுவதற்கு ஒன்றுமே இல்லை. 15 நிமிஷம் கழித்துக் குத்திப் பாருங்கள், ஏறவில்லை என்றால் மறுபடியும் அதே. ஏறிய பிறகு இரண்டு பிஸ்கட்டோ ரொட்டியோ சாப்பிடட்டும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 995-ஐக் கூப்பிடுங்கள்.

கிளிக்லாசைட், கிளிபிசைட் மாத்திரைகளும் சுகரைத் தாழ இறக்கிவிடக்கூடும், அவற்றைச் சாப்பிடுகிறவர்களும் இதைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு நாளையிலிருந்து சோற்றைப் பாதியாக்குகிறேன் என்று இறங்குவதற்கு முன் டாக்டரிடமோ பலதுறை மருந்தகத் தாதியிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், மருந்து பழைய சோற்றுக்குத்தான் அளந்து கொடுத்தது. அப்பாவுக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை இறங்குகிறது என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள்.

கேள்வி: தீபாவளிக்கு வாங்கிய ‘சீனியில்லா’ மிட்டாய் டப்பாவை மாமியார் ஒரே மதியத்தில் பாதி காலி செய்துவிட்டார். சுகர் பெரிதாக ஏறவில்லை, ஆனால் சாயங்காலம் முழுக்கக் கழிப்பறையிலேயே இருந்தார். கெட்டுப்போன மிட்டாயா? (பெயர் போட வேண்டாம் என்றிருக்கிறார்)

பதில்: மிட்டாய் நன்றாகத்தான் இருந்திருக்கும். மால்டிட்டால் என்று பின்னால் போட்டிருக்கும் பாருங்கள், சீனிக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பு அது. ஜிஐ 35, குடலில் சரியாக உறிஞ்சப்படாது, மிச்சம் பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுக்கும், வாயுவும் சேரும். அதிகம் சாப்பிட்டால் பேதியாகும் என்று பொடி எழுத்தில் அவர்களே எச்சரித்திருப்பார்கள். நாளைக்கு இரண்டு என்று எடுத்து வெளியே வைத்துவிட்டு டப்பாவை மேல் அலமாரியில் ஏற்றிவிடுங்கள், யார் ஏற்றியது என்று கேட்டால் என் பெயரைச் சொல்லலாம்.